ட்ரங்க் காலும் சிலேட்டுப் பலகையும்

ஈப்போ சம்பந்தம் முறிந்து இன்றோடு பதினொரு நாள். முறித்தவர் ஐயாத்துரை. முறித்தது தொலைபேசியில். முறிக்கிறோம் என்று அறியாமலே முறித்தார் என்பது மட்டுமே அவர் சார்பில் சொல்லத்தக்கது.

அதை நினைத்துப் பார்ப்பதில் புஷ்பராணிக்கு மகிழ்ச்சி இல்லை. எனினும் அது மறக்கக்கூடியதாகவும் இல்லை. ஈப்போக்காரர் கேட்ட எல்லாக் கேள்விகளுக்கும் அப்பா கம்பீரமாக "ஓம், ஓம்" என்று ஆமோதித்தே பதிலளித்திருந்தார். பெண்ணுக்கு மாப்பிள்ளையைவிட வயது கூடவா என்பது கேள்விகளில் ஒன்று. பெண்ணின் மனம் வேறெங்கேனும் போயிருக்கிறதா என்பது மற்றொன்று. இரண்டுக்கும் "ஓம்" கிடைத்தது. மூன்றாம் நாள் ஈப்போவிலிருந்து வந்த கடிதம், உண்மையை ஒளிக்காமல் சொன்ன பெரியவருக்கு நன்றி கூறி முடிந்திருந்தது.

பினாங்குத் தொலைபேசி இணைப்பகத்தில் முப்பத்தொரு ஆண்டு பணியாற்றி, மேற்பார்வையாளராக ஓய்வுபெற்றவர் ஐயாத்துரை. அவருக்கு ஓய்வு ஐம்பத்தைந்து வயதில் வந்தது. அவருடைய காதுகள் அதற்கு இரண்டாண்டு முன்பே ஓய்வுபெற்றுவிட்டன. அந்த ஓய்வை அவர் இன்னும் ஏற்றுக்கொள்ளவில்லை. உலகத்தார் இப்போதெல்லாம் வாய்க்குள்ளேயே பேசுகிறார்கள் என்பது அவருடைய கட்சி.

இன்று மாலை நான்கு மணிக்குச் சிரம்பானிலிருந்து அழைப்பு வரவிருந்தது. அழைப்பவர் ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டர் ஸ்ரீஸ்கந்தராஜா. அவருடைய மகன் பாலேந்திராவை, தைப்பிங்கில் நடந்த ஓர் உறவினர் திருமணத்தில் புஷ்பராணி பார்த்திருக்கிறாள். பத்து நிமிடம் பேசியும் இருக்கிறாள். அந்தப் பத்து நிமிடத்தில் அவன் ஒருமுறைகூடத் தன்னைப் பற்றிப் பேசவில்லை. பொறியாளர்களில் இது அரிது என்று அவள் கருதினாள். இந்தச் சம்பந்தம் கைகூட வேண்டும் என்று அவள் விரும்பினாள். அதை வீட்டில் எவரிடமும் சொல்லவில்லை.

அவள் சொல்லாதது இன்னொன்றும் இருந்தது. கடலுக்கு அக்கரையில், மாக் மண்டின் தொழிற்சாலையில், ஏற்றுமதிப் பிரிவின் தலைமை எழுத்தராக அவளை உயர்த்தும் கடிதம் கைப்பையில் நான்கு நாளாக இருந்தது. பதில் திங்கட்கிழமைக்குள் போக வேண்டும். அம்மாவிடம் மட்டும் காட்டியிருந்தாள்.

"நாள் குறிக்கிற வரைக்கும் வாயைத் திறக்காதை," என்றிருந்தாள் தவமணி. "மாப்பிள்ளை வீட்டுக்காரருக்குப் பெண்ணின்ர உயர்வு பிறகு தெரியலாம். அப்பான்ர காது தெரியப்படாது. பேரப்பிள்ளைக்கும் வரும் எண்டு பயந்துபோவினம்."

காலை பத்து மணிக்குத் தங்கராஜு வந்தான். ஐயாத்துரையிடம் வேலை பழகியவன். இப்போது தானே சிறு கடை வைத்துத் தொலைபேசிக் கருவிகள் பொருத்திக் கொடுப்பவன். அவனுடைய பையில் மூன்று பொருள்கள் இருந்தன.

"சாருக்காக ஸ்பெஷலா கொண்டாந்தேன் லா," என்றான், ஐயாத்துரையின் முகத்துக்கு நேராக நின்று, வாயை அகலத் திறந்து.

"எனக்கென்ன குறை?" என்றார் ஐயாத்துரை. "பழைய போன். மணிச் சத்தம் காணாது. அவ்வளவுதான்."

எனவே முதலில் மணி பொருத்தப்பட்டது. அது பள்ளிக்கூட மணி அளவு இருந்தது. தங்கராஜு எதிர்வீட்டுக்குப் போய், ஹபீபா பீவியிடம் அனுமதி கேட்டு, அங்கிருந்து எண்ணைச் சுழற்றினான்.

மணி ஒலித்தது. கண்ணாடி அலமாரியில் தேநீர்க் கோப்பைகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டன. நான்காம் வீட்டு நாய் வாசலுக்கு வந்து நின்றது. ஹபீபா பீவி அடுப்பை அணைத்துவிட்டு, தங்கராஜுவைத் தன் வீட்டுத் தொலைபேசியோடு தனியே விட்டுவிட்டு, ஈரக் கையோடு ஓடிவந்தார்.

"என்னங்கக்கா, எங்க தீப்புடிச்சிருச்சு?"

"தீ இல்லை ஹபீபா. போன்."

"போனா? நான் தீயணைக்குற பொம்பா வண்டின்னுல்ல நெனச்சேன்!"

இவ்வளவுக்கும் நடுவில் ஐயாத்துரை செய்தித்தாளைப் புரட்டிக்கொண்டிருந்தார். பிறகு தலையை நிமிர்த்தி, "எங்கேயோ போன் அடிக்குது போல," என்றார்.

அடுத்தது விளக்கு. தொலைபேசி ஒலிக்கும்போதெல்லாம் மின்னி மின்னி எரியும். கம்பியின் நீளம் பூஜை அலமாரி வரைக்குமே எட்டியது. ஆகையால் தங்கராஜு அதைப் பிள்ளையார் படத்துக்கு மேலே பொருத்தினான். சோதனை அழைப்பில் விளக்கு மின்னியதும், காய் நறுக்கிக்கொண்டிருந்த தவமணி கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் கைகூப்பினாள். ஐயாத்துரையும் கைகூப்பினார். தொலைபேசியை எடுக்க ஒருவரும் போகவில்லை.

"விளக்கு ஓகே லா, சார்," என்றான் தங்கராஜு. "எடந்தான் சரியில்ல."

அடுத்த பொருள் பையில் வந்ததல்ல; ஐயாத்துரையின் மேசை இழுப்பறையிலேயே இருந்தது. சென்ற ஆண்டு மருத்துவர் கொடுத்து, அவர் ஒருமுறைகூட அணியாத காதுக்கருவி. அதைத் தொலைபேசிக் குழலோடு ஒட்டிவைத்தால் குழல் சீழ்க்கை அடித்தது. அதற்கென்று கருவியில் தனியாக ஒரு விசை இருப்பதாகச் சொல்லி, தங்கராஜு அதை மாற்றிவிட்டான். சீழ்க்கை நின்றது. ஐயாத்துரை நெற்றியைச் சுருக்கி நெடுநேரம் கேட்டார்.

"கேக்குதா, சார்?"

"மிகத் தெளிவாகக் கேக்குது."

"என்ன கேக்குது, சார்?"

"டியூப் லைட்."

விளக்கை அணைத்ததும் குளிர்பெட்டி கேட்டது. குளிர்பெட்டியையும் நிறுத்தியபோது, எதுவும் கேட்கவில்லை என்று அவர் திருப்தியோடு அறிவித்தார். எதிர்வீட்டுக்குப் போயிருந்த தங்கராஜு அந்நேரம் போனில் ஒன்றிலிருந்து இருபதுவரை எண்ணி முடித்திருந்தான்.

கடைசியாக, ஒலியைக் கூட்டும் சக்கரம் வைத்த கைக்குழல். சக்கரத்தை முழுதும் திருப்பியபோது, தங்கராஜுவின் குரல் குழலிலிருந்து புறப்பட்டுக் கூடம் முழுக்கப் பரவியது. அவன் பேசியது அவ்வீட்டாருக்கு இரண்டு வழியாகக் கேட்டது: குழல் வழியாகவும், சாலையைக் கடந்து சன்னல் வழியாகவும். ஐயாத்துரை மட்டும் கண்களை மூடிக்கொண்டு தலையை ஆட்டினார்.

"சத்தம் வருது," என்றார். "சொல்லு வரேல்லை. தகர டப்பாவுக்குள்ள வண்டு இரையிற மாதிரி."

அவர் குறை என்று ஒப்புக்கொண்டது அதுவே முதல்முறை. எதிர்வீட்டிலிருந்து திரும்பிய தங்கராஜு மெல்லத் தன் திருப்புளியைப் பையில் போட்டான்.

"அப்ப நீ கதை," என்றாள் தவமணி, மகளைப் பார்த்து. உடனே தானே மறுத்தாள். "சீச்சீ. பெண்ணே தன்ர கலியாணத்தைப் பேசினாள் எண்டு சொல்லுவினம். நான் கதைச்சால், வீட்டில ஆம்பிளை இல்லையோ எண்டு கேப்பினம்."

சம்பந்தம் பேசுவதென்றால் தகப்பனும் தகப்பனும் பேச வேண்டும். அவ்வழக்கத்தைச் சிரம்பானும் மாற்றாது, பினாங்கும் மாற்றாது. புஷ்பராணி சற்று யோசித்தாள். பிறகு அறைக்குள் சென்று, தான் முதல் வகுப்பில் எழுதிய சிலேட்டைத் தேடி எடுத்துவந்தாள்.

"தங்கராஜண்ணே, இன்னொரு போன் இதே லைன்ல போட முடியுமா? வயர் கூடம் வரைக்கும் வரணும்."

"எக்ஸ்டென்ஷன்தானே? அரமணி நேரம், தங்கச்சி."

சிலேட்டைத் தந்தையின் முன் வைத்து அவள் எழுதினாள்: 'நான் ஒப்பரேட்டர். அவர் சொல்வதை எழுதுவேன். நீங்கள் படித்துப் பதில் சொல்லுங்கள்.'

ஐயாத்துரை அதைப் படித்தார். வேறு எந்தச் சொல்லாக இருந்திருந்தாலும் மறுத்திருப்பார். உதவி என்று எழுதியிருந்தால் எழுந்தே போயிருப்பார்.

"ஒப்பரேட்டர் நடுவில இருக்கிறதில ஒரு குறையும் இல்லை," என்றார் நிமிர்ந்து உட்கார்ந்து. "கவர்னருக்கும் ஒப்பரேட்டர் இருந்தவ."

பிறகு சுவரைக் காட்டினார். இணைப்பகத்தில் புதிதாகச் சேரும் ஒவ்வொருவருக்கும் அவர் ஒப்புவிக்கக் கொடுத்த விதி, சட்டமிட்டு அங்கே தொங்கிற்று. 'கேட்டதை விடாதே. கேளாததைச் சேர்க்காதே. உன் கருத்து எவருக்கும் தேவையில்லை.'

"ஓமப்பா," என்றாள் புஷ்பராணி.

நான்கு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கையில், கூடத்துச் சன்னல்கள் எல்லாம் மூடப்பட்டன. தவமணி வாசற்கதவில் காவல் நின்றாள். ஐயாத்துரை வெள்ளைச் சட்டை அணிந்து, வலக்கையில் புதிய குழலை ஏந்தியிருந்தார். எதிரே புஷ்பராணி, தோளுக்கும் காதுக்கும் இடையே எக்ஸ்டென்ஷனை இடுக்கி, மடியில் சிலேட்டோடு அமர்ந்திருந்தாள். இருவருக்கும் நடுவில், முக்காலியின்மேல், இணைப்பக நண்பர்கள் பிரிவுபசாரத்தில் பரிசளித்த மூன்று நிமிட மணற்குடுவை நின்றது. வெளியூர் அழைப்பான ட்ரங்க் கால் என்றால் மூன்று நிமிடக் கணக்கு என்பதை ஐயாத்துரை எந்த நவீனத்துக்காகவும் விட்டுக்கொடுத்ததில்லை.

பிள்ளையாருக்கு மேலே விளக்கு மின்னியது. இம்முறை ஒருவரும் கைகூப்பவில்லை. ஐயாத்துரை குடுவையைக் கவிழ்த்தார்.

"ஹலோ! ஸ்ரீஸ்கந்தராஜா கதைக்கிறன்!"

அது பிளாட்பாரத்தின் இரண்டு முனைக்கும் கேட்க வேண்டிய குரல். புஷ்பராணி எக்ஸ்டென்ஷனைக் காதிலிருந்து நான்கு விரற்கடை தள்ளிப் பிடித்தாள். ஸ்டேஷனில் பழகிய தொண்டை என்று நினைத்துக்கொண்டாள்.

எழுதினாள். ஐயாத்துரை படித்தார்.

"வணக்கம். ஐயாத்துரை கதைக்கிறன். வீட்டில எல்லாரும் சுகமோ?"

மறுமுனையில் சற்று மௌனம்.

"சுகம்! சுகம்! உங்கட பக்கம் மழையோ?"

எழுதினாள். படித்தார்.

"இல்லை."

மறுபடியும் மௌனம். சிறியது.

இவ்வாறு மழை, அரிசி, தைப்பிங் திருமணத்தில் பரிமாறிய வடையின் அளவு ஆகியவை, குடுவை இருமுறை கவிழ, முறையாகக் கடந்தன. தவமணியின் முகத்தில் நிம்மதி படரத் தொடங்கியது. ஒரு குறையும் தெரியாமல் கணவர் பேசிக்கொண்டிருந்தார். பேச்சில் இத்தனை நிதானம் அவருக்குக் காது கேட்ட காலத்திலேயே இருந்ததில்லை.

பிறகு ஸ்ரீஸ்கந்தராஜா தொண்டையைச் செருமினார்.

"இப்ப விஷயத்துக்கு வருவம். கலியாணத்தைச் சித்திரையில வைப்பம். பிள்ளை இந்த மாதமே வேலைக்கு ராஜினாமா எழுதிக் குடுக்கட்டும். எங்கட வீட்டில மருமகள்மார் வேலைக்குப் போற வழக்கம் இல்லை. இவவுக்கு முழங்கால் வருத்தம், மாடிப்படி ஏற ஏலாது. பிள்ளை சிரம்பானுக்கு வந்து வீட்டைப் பார்க்கட்டும். இது ஒண்டுதான் எங்கட கண்டிப்பு!"

சிலேட்டுக் குச்சி சிலேட்டில் ஊன்றியபடி நின்றது. அப்பா காத்திருந்தார். அம்மா கதவிலிருந்து கழுத்தை நீட்டினாள். சுவரில் விதி தொங்கியது. கைப்பையில் கடிதம் இருந்தது.

புஷ்பராணி எழுதினாள்: 'சித்திரையில் கல்யாணம். மனைவிக்கு முழங்கால் வருத்தம்.'

அவள் எதையும் சேர்க்கவில்லை. விதியின் இரண்டாம் பகுதியைப் பொறுத்தவரை அவள் குற்றமற்றவள்.

ஐயாத்துரை சிலேட்டைச் சற்று நேரம் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். பிறகு குழலில் பேசினார்.

"சித்திரை எங்களுக்கும் சம்மதம். முழங்காலுக்கு நல்லெண்ணெய் போடச் சொல்லுங்கோ. எங்கட பக்கமும் ஒரு விஷயம் இருக்கு. என்ர மகளுக்கு வேலையில பெரிய உயர்வு வந்திருக்கு. கலியாணத்துக்குப் பிறகும் அவ அந்த வேலையில இருப்பா. அதில மாற்றம் இல்லை."

குச்சி அவள் கையிலிருந்து நழுவி மடியில் விழுந்தது. பிறர் பேச்சை ஒட்டுக்கேட்பதில்லை என்று முப்பத்தொரு ஆண்டு நேர்மையாக வாழ்ந்தவர் அப்பா. ஆனால் பிறர் கடிதத்தைப் படிப்பதில்லை என்று அவர் எந்நாளும் சொன்னதில்லை. தவமணி தலையில் கைவைத்துக்கொண்டாள்.

எல்லாம் முடிந்தது என்று புஷ்பராணி எண்ணினாள். எக்ஸ்டென்ஷனைக் காதிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடித்துக்கொண்டு இடிக்காகக் காத்திருந்தாள்.

மௌனம். நீண்ட மௌனம்.

"மெத்தச் சந்தோஷம்!" என்றார் ஸ்ரீஸ்கந்தராஜா. "சுறுசுறுப்பான பிள்ளை எண்டால் எங்களுக்கும் நல்லதுதானே!"

அரை நிமிடத்துக்கு முன் ராஜினாமா கேட்ட அதே மனிதர்! அவள் குழப்பத்தோடு அதை அப்படியே எழுதிக் காட்டினாள். ஐயாத்துரை படித்தார். அவருடைய புருவங்களில் ஒன்று மட்டும் உயர்ந்தது. அந்தப் புருவத்துக்கு அஞ்சி இணைப்பகத்தில் பெண்கள் அழுததுண்டு என்று தங்கராஜு சொல்லியிருக்கிறான்.

அவர் குழலின் வாயை உள்ளங்கையால் பொத்தினார். மகளிடமிருந்து சிலேட்டை வாங்கி, துடைத்து, தம் அழகிய கையெழுத்தில் எழுதினார்:

'மறுமுனையிலும் ஒரு சிலேட்டு இருக்கிறது.'

புஷ்பராணி விழித்தாள்.

"மணலைப் பார்த்துக்கொண்டிருந்தன்," என்றார் தணிந்த குரலில். அது அவரைப் பொறுத்தவரையே தணிந்தது. "நான் ஒரு சொல்லுச் சொன்னால் கொஞ்ச மணல் விழுகுது. அஞ்சு வசனம் சொன்னால் நிறைய விழுகுது. அதுக்குப் பிறகுதான் அந்தாள் வாய் திறக்கிறார். கம்பிக்கு நீளப் பேச்சு, கட்டைப் பேச்சு எண்ட பேதம் இல்லை, பிள்ளை. எழுதிற கைக்குத்தான் இருக்கு."

அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள்.

"உன்ர கணக்கும் இருக்கு. வண்டு அரை நிமிஷம் இரைஞ்சது. நீ அஞ்சு சொல் எழுதினாய்." சிலேட்டை அவளிடம் திருப்பிக் கொடுத்தார். "விட்டதை எழுது."

அவள் எழுதினாள். ராஜினாமா, வழக்கம், மாடிப்படி, சிரம்பான், கண்டிப்பு. எழுத்துகள் ஒவ்வொன்றாகச் சிறுத்துக்கொண்டே வந்தன. ஐயாத்துரை படித்து முடித்தார். வைத்துவிடச் சொல்லித் தவமணி இரண்டு கையாலும் சைகை காட்டினாள். அவர் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

உள்ளங்கையை எடுத்தார். இதுவரை சம்பந்தியின் குரலில் பேசியவர், இப்போது மேற்பார்வையாளரின் குரலில் பேசினார்.

"சிரம்பானில ஒப்பரேட்டர் ஆர்? பெயரைச் சொல்லும்."

மௌனம். அதில் ஒரு பெருமூச்சு கேட்டது. பின்பு, புஷ்பராணி தைப்பிங்கில் பத்து நிமிடம் கேட்ட குரல்.

"பாலேந்திரா கதைக்கிறன், மாமா."

அவள் எழுதினாள்: 'பாலேந்திரா கதைக்கிறார்.'

ஐயாத்துரை பார்த்தார். "இன்னும் ஒரு சொல்லு இருந்தது."

முகம் சூடேற, அவள் 'மாமா' என்ற அந்தச் சொல்லையும் எழுதினாள். அவர் படித்துவிட்டு மணற்குடுவையை இரண்டு விரலால் நேராக்கி வைத்தார்.

"தம்பி, நீங்களும் விதியை மீறினீங்கள். என்ர ஒப்பரேட்டரும் மீறினா. இனி மிச்சம் விடாமல் எழுதுவம். என்ர மகள் வேலையை விடமாட்டா. இதை ஒரு எழுத்தும் குறையாமல் உங்கட அப்பாவுக்குக் காட்டும்."

மணல் விழுந்துகொண்டிருந்தது. தவமணி கண்களை மூடினாள்.

"என்னது!"

"ஆ!" என்றார் ஐயாத்துரை வியப்போடு. "இது வடிவாக் கேட்டது. இதை எழுதத் தேவையில்லை."

மறுமுனையில் ஸ்டேஷன் மாஸ்டர் இப்போது தம் மகனோடு பேசிக்கொண்டிருந்தார். அதைச் சிரம்பான் முழுவதும் கேட்டிருக்கும். "அப்ப நீ சுறுசுறுப்பு எண்டு எழுதினது என்ன? ஆரின்ர சுறுசுறுப்பு? பெத்த தகப்பனுக்கே பொய் எழுதிக் காட்டிறியோ?" பிறகு குரல் திடீரென்று குழலுக்குத் திரும்பியது. அதில் இப்போது கோபத்தைவிட வேறொன்று மிகுந்திருந்தது. "ஐயாத்துரையர், உங்கட பக்கமும் எழுத்துத்தானோ? உங்களுக்கும் காது…?"

அவள் எழுதிக் காட்டினாள். தவமணி வேண்டாம் என்று தலையசைத்தாள். ஐயாத்துரை சட்டைக் கழுத்தைச் சரிசெய்துகொண்டார்.

"வலது காது மட்டும்."

சிறிய மௌனம்.

"எனக்கு இடது மட்டும்," என்றார் ஸ்ரீஸ்கந்தராஜா. "எஞ்சின் விசில்."

இத்தனை ஆண்டுகளாக அந்த வலது காதிலும், அதன் இணையான இடது காதிலும் மாறிமாறிக் கத்திப் பார்த்திருந்த தவமணி, கூரையைப் பார்த்தாள். பிறகு காவலைக் கைவிட்டுச் சன்னல்களைத் திறக்கப் போனாள். முதல் சன்னலைத் திறந்ததும் எதிரே ஹபீபா பீவி நின்றுகொண்டிருந்தார். அவர் நெடுநேரமாக அங்கேயே நின்றிருந்தார் என்பது தெளிவாகத் தெரிந்தது.

"சம்மதமாங்கக்கா?" என்றார் ஹபீபா பீவி.

"பொறு ஹபீபா, எங்களுக்கே இன்னும் தெரியாது."

குழலில் ஸ்ரீஸ்கந்தராஜா முடிவுக்கு வந்திருந்தார். "இது போன்ல சரிவராது. ராத்திரி மெயிலில ஏறி நாளைக் காலமை பட்டர்வொர்த்தில இறங்கிறம். முகத்தைப் பார்த்துக் கதைப்பம். ஆனால் ஒண்டு, ஐயாத்துரையர். வேலை விஷயத்தில நான் ஒரு நூலும் இறங்கமாட்டன்!"

எழுதினாள். படித்தார்.

"வாங்கோ. காலமைச் சாப்பாடு எங்கட வீட்டில. நானும் இறங்கமாட்டன்."

இரு தகப்பன்மாரும் மிகுந்த மரியாதையோடு விடைபெற்றுக்கொண்டனர். ஐயாத்துரை குழலை வைத்தார். கடைசி மணல் இறங்கி முடிந்திருந்தது.

"இவ்வளவு காலமாச்சுது, இப்பிடி ஒழுங்கா ஒரு ட்ரங்க் கால் கதைச்சு," என்றார். அவருடைய முகத்தில் தெரிந்தது போருக்குப் போகிறவரின் களிப்பு.

புஷ்பராணி எக்ஸ்டென்ஷனை வைக்கப் போனாள். வைக்கவில்லை. லைன் இன்னும் உயிரோடிருந்தது.

"ஹலோ?" என்றது அது மெல்ல.

"ஹலோ," என்றாள் அவள். தந்தையைப் பார்த்தாள். மூன்றடி தூரத்தில் அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். "அப்பா பக்கத்திலதான் இருக்கிறார்."

"என்ர அப்பாவும் பக்கத்திலதான்," என்றான் பாலேந்திரா. "பரவாயில்லை. கேக்காது."

சிரிப்பை அடக்க அவள் கீழுதட்டைக் கடித்தாள்.

ஐயாத்துரை நிமிர்ந்தார். மகளின் காதில் இன்னும் குழல் இருப்பதைக் கண்டார். கையை நீட்டி மணற்குடுவையை மீண்டும் ஒருமுறை கவிழ்த்து வைத்துவிட்டு, நாற்காலியைச் சன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"நீங்கள் வேலையை விடவேண்டாம்," என்றான் பாலேந்திரா. "அதைச் சொல்லத்தான் வைக்காமல் இருந்தன். செபராங் ஜெயாவில எங்கட கம்பெனிக்கு ஒரு கிளை இருக்கு. மாற்றம் கேட்டு வாங்கியாச்சு. ஒண்டாம் தேதி சேரவேணும்."

செபராங் ஜெயாவிலிருந்து மாக் மண்டினுக்குப் பஸ்ஸில் இருபது நிமிடம். கைப்பையில் இருந்த கடிதத்துக்கும் அதே ஒன்றாம் தேதிதான். கடல்மேல் பாலம் திறந்து ஓராண்டாகியும் தான் இன்னமும் ஃபெரியிலேயே போய்வருவது, என்ன காரணத்தாலோ, அவளுக்கு அந்நேரம் நினைவுக்கு வந்தது.

"நல்லது," என்றாள், குரலைச் சமப்படுத்திக்கொண்டு. "உங்கட அப்பா என்ன சொன்னவர்?"

மணலில் நல்லதொரு பங்கு இறங்கியது.

"அப்பாவுக்குத் தெரியாது. மூண்டு தரம் எழுதினன், மூண்டு தரமும் அழிச்சுப்போட்டன். நாளைக்கு உங்கட வீட்டில வைச்சுத்தான் சொல்லவேணும். அதுக்கு உங்களிட்ட ஒரு உதவி."

"என்ன?"

"சுறுசுறுப்புக்குப் பிறகு என்ர கையெழுத்தை அவர் நம்பமாட்டார். அதை நீங்கள்தான் அவருக்கு எழுதிக் காட்டவேணும்."

பின்னால் யாரோ பெட்டியைத் தேடி உறுமும் சத்தம் கேட்டது. லைன் அறுந்தது. அவள் எக்ஸ்டென்ஷனை மெல்ல வைத்தாள்.

ஐயாத்துரை நாற்காலியைத் திருப்பினார். "என்னவாம்?"

வேலையை விடக் கூடாது என்று தனக்காகச் சம்பந்தியோடு மோதிய மனிதர் எதிரே உட்கார்ந்திருந்தார். அவருக்கு மேலே, சட்டத்துக்குள், விதி இருந்தது. சொன்னால், நாளைக் காலைச் சாப்பாட்டுக்கு முன்பே அவர் அதைச் சம்பந்தியின் முகத்தில் வீசிவிடுவார். புஷ்பராணி சிலேட்டைத் துடைத்தாள். குச்சியை எடுத்தாள். ஒரே சொல்லை எழுதி அவர் பக்கம் திருப்பினாள்.

'ஒன்றுமில்லை.'

ஐயாத்துரை அந்தச் சொல்லைப் படித்தார். பிறகு மணற்குடுவையைப் பார்த்தார். மூன்று நிமிடமும் தீர்ந்து, மேற்பாதியில் ஒரு மணிகூட மிச்சமில்லை.

அவருடைய புருவங்களில் ஒன்று மட்டும் உயர்ந்தது.